முதல் முடிச்சுக்கு முன்

(கைவினை ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லேஸ் என்றதும் நம்மில் பலருக்கு நாகர்கோவில் நினைவுக்கு வரும். 1820களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. அது திண்டின்மேல் குண்டூசி குத்தி, பல கட்டைகளில் நூலைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பின்னுவது. நான் இன்று பேசப் போவது அதற்குத் தூரத்து உறவான இன்னொன்றைப் பற்றி. இதற்குத் திண்டு வேண்டாம், சட்டம் வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும், நூல் சுற்றிய ஒரு ஷட்டில், ஒரு நூல்கண்டு, பத்து விரல் இருந்தால் போதும். டாட்டிங் என்று அழைக்கப்படும் முடிச்சு லேஸ் அது. அதிலும் குறிப்பாக, பாசிமணி சேர்த்து அதையே காதணியாக, கழுத்தணியாகச் செய்கிற வேலை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த நகையில் மணி பிற்பாடு வைத்துத் தைக்கிற அலங்காரம் அல்ல. ஒவ்வொரு மணியும் எங்கே உட்காரப் போகிறது, எந்த நூலில் வரப் போகிறது என்பது முதல் முடிச்சு விழுவதற்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். விரல் வேகத்தைக் கண்டு வியக்கிறவர்கள் அந்த முன்யோசனையைக் கவனிப்பதில்லை. வேலையின் பாதி அங்கேதான் இருக்கிறது என்பேன்.

முதலில் முடிச்சைப் பார்ப்போம். இடது கை விரல்களைச் சுற்றி நூலை ஒரு வளையமாக எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்கிறோம். வலது கையில் ஷட்டில். அதை விரல்களைச் சுற்றிய நூலுக்கு, அதாவது கை நூலுக்கு, அடியில் விட்டு மேலாகத் திரும்ப எடுத்தால் ஓர் அரை முடிச்சு. மேலாக விட்டு அடியில் எடுத்தால் மற்றோர் அரை. இரண்டும் சேர்ந்தது ஓர் இரட்டை முடிச்சு. டாட்டிங் முழுக்க இந்த ஒரு முடிச்சின்மேல்தான் நிற்கிறது.

ஆனால் இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. முடிச்சைப் போடுவது ஷட்டில் நூலால். போட்ட மறுகணம் இடது கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்தால், முடிச்சு ஷட்டில் நூலை விட்டுக் கை நூலுக்குத் தாவிவிடும். இப்போது ஷட்டில் நூல் நடுவில் நேராக ஓடுகிறது, கை நூல் அதைச் சுற்றி முடிச்சாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாகக் கற்கிறவர்கள் அழும் நிலைக்கு வருவது இந்த இடத்தில்தான். முடிச்சு தாவவில்லை என்றால் நடு நூல் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் அசையாது. தாவிவிட்டால், பாவாடைக்குள் நாடா ஓடுவதுபோல் நடு நூல் தடையில்லாமல் ஓடும். இருபது முடிச்சு போட்டபின் ஷட்டிலை இழுத்தால் அத்தனையும் சுருங்கி ஒரு வட்டமாக மூடிக்கொள்ளும். அதுதான் வளையம். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு நெருக்கினால் அந்த இடைவெளி நூல் சின்னக் காதுபோல் எழும்பி நிற்கும். அதற்குப் பிகோ என்று பெயர். இரண்டாவது நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, வட்டமாக மூடாமல் வளைவாக விட்டால் அது சங்கிலி. வளையம், சங்கிலி, பிகோ இம்மூன்றும்தான் சரக்கு.

இந்தச் சரக்கு ஒரே நாளில் சேரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் ஷட்டில் வைத்துக்கொண்டு செய்தது வெறும் முடிச்சுக் கயிறு மட்டுமே. நூலில் வரிசையாக முடிச்சு போட்டு, அந்தக் கயிற்றைத் துணிமேல் வளைத்துத் தைப்பார்கள். அந்தக் காலத்து ஓவியங்களில் இதைப் பார்க்கலாம். பிரெஞ்சு ஓவியர் நாத்தியே 1756-இல் இளவரசி அதெலாய்தை வரைந்தபோது அவர் கையில் ஷட்டில் இருக்கிறது. இங்கிலாந்தில் ரெய்னால்ட்ஸ் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டியின் படத்திலும் அப்படியே. பொன்னிலும் ஆமையோட்டிலும் தந்தத்திலும் செய்த ஷட்டில்கள் அன்று பரிசுப் பொருள்கள். கையின் அழகைக் காட்ட ஏற்ற வேலை என்று அதைக் கருதினார்கள். வேலையில் விளைந்த பொருளுக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. இந்தக் கண்ணோட்டத்தின் நிழல் இன்றுவரை டாட்டிங்மேல் படிந்திருக்கிறது. பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை என்று ஒரு பேச்சு. அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 

19ஆம் நூற்றாண்டில்தான் வளையம் வந்தது. வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசியால் கட்டி இணைத்தார்கள். லண்டனில் மத்மசேல் ரியேகோ என்று அறியப்பட்ட எலியனோர் ரியேகோ த லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி, 1850-இல் டாட்டிங்குக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். ஒரு வளையத்தின் பிகோவில் அடுத்த வளையத்தை இணைக்கும் வழி அதில் ஊசியும் நூலும் கொண்டு சொல்லப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே பெயர் போடாத ஒருவர், ஊசி இல்லாமல், நூலைப் பிகோ வழியாக இழுத்து ஷட்டிலை அதற்குள் விட்டு இணைக்கும் முறையை எழுதினார். இன்றும் உலகம் முழுக்க அப்படித்தான் இணைக்கிறோம். அந்த முகம் தெரியாதவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1860களில் ரியேகோ அம்மையார் இரண்டாவது நூலைப் பிடித்துச் சங்கிலியைக் கொண்டுவந்தார். அதன்பிறகு வட்டம் மட்டுமே இருந்த இடத்தில் வளைவும் அலையும் வந்தன. இதற்கிடையே இத்தகைய புத்தகங்களில் முடிச்சு எண்ணிக்கையும் அச்சானது. எண்ணிக்கை அச்சில் ஏறியதும் டாட்டிங் அரண்மனை வேலையாக மட்டும் இருக்கவில்லை. கொஞ்சம் காசு கொடுத்து மெல்லிய ஒரு புத்தகத்தை வாங்கக்கூடிய எந்தப் பெண்ணுக்கும் எட்டியது.

மணி சேர்ந்த கதைக்கு வருகிறேன். ருமேனியாவின் அரசி எலிசபெத், கார்மென் சில்வா என்ற புனைபெயரில் கவிதையும் கதையும் எழுதியவர். அவர் டாட்டிங்கில் தீராத ஈடுபாடு கொண்டவர். லண்டனில் 1910-இல் லேடி ஹோர் வெளியிட்ட டாட்டிங் புத்தகத்தில் அரசியின் கைவேலைகளும் இடம்பெற்றன. பட்டு நூலில் முத்தும் மணிக்கல்லும் சேர்த்துத் திருச்சபைக்கான துணிகளை அவர் பின்னியிருக்கிறார். நூல் முடிச்சு ஒரு முத்தைத் தாங்கும், அதற்கு உரிய இடம் கொடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அரசியோடு இந்தக் கதை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். துருக்கியில் அனத்தோலியாவின் ஊர்ப்புறங்களில் தலைத்துணியின் ஓரத்தில் ஓயா என்ற லேஸ் வைப்பார்கள். அதில் ஊசியால் செய்வது உண்டு, குரோஷாவால் செய்வது உண்டு, ஷட்டிலால் செய்வதும் உண்டு, மணி கோர்த்துச் செய்வதும் உண்டு. அரண்மனையில் எவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், முகத்தை ஒட்டி வருகிற துணியின் விளிம்புக்கு மணி எவ்வளவு கனம் இருக்கலாம், எப்படி அசையலாம் என்று வழிவழியாகக் கண்டுபிடித்தவர்கள் அந்தப் பெண்கள். நகை செய்ய விரும்புகிறவர்கள் அரசியின் வேலையைவிட அவர்கள் வேலையைத்தான் அதிகம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போது ஜப்பானில் இந்தக் கலை நன்றாக வேர்விட்டிருக்கிறது. அவர்கள் புத்தகத்தில் வாக்கியம் குறைவு, படம் அதிகம். வளையத்தை அப்படியே வரைந்து, பக்கத்தில் எண்ணைப் போட்டுவிடுவார்கள். மொழி தெரியாத ஒருவரும் பார்த்துப் பின்னலாம்.

இனி, மணி எந்த வழியாக லேஸுக்குள் வருகிறது என்று பார்ப்போம். மூன்று வழி உண்டு. நடு நூலில் வரலாம், கை நூலில் வரலாம், இணைக்கும் இடத்தில் புதிதாக ஏறலாம்.

ஷட்டில் நூலில் கோர்த்த மணி நடு நூலோடு வருகிறது. இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே அதை நகர்த்தி விட்டால் அது வளையத்தின் உள்விளிம்பில் பதிந்துகொள்ளும். அடக்கமாகத் தெரியும். ஆனால் வளையத்தை மூடும்போது நடு நூல் அந்த மணியின் துளை வழியாகவும் ஓட வேண்டும். துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூல் அங்கே தேயும். கை நூலில் கோர்த்த மணி பிகோவில் ஏறி வெளிவிளிம்பில் நிற்கும், அசையும், மின்னும். சங்கிலி பின்னும்போது இது எளிது, நூல்கண்டிலிருந்து வரும் நூலில் முன்பே கோர்த்துவிடலாம். வளையம் பின்னும்போது கை நூலும் ஷட்டிலிலிருந்து வருவதே. ஆகவே விரல்களைச் சுற்றும்போதே, அந்த வளையத்துக்குத் தேவையான மணிகளை எண்ணி வளையத்துக்குள் தள்ளி, புறங்கைப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிகோ வரும்போது ஒவ்வொன்றாக முன்னால் கொண்டுவருவோம். ஒன்று குறைந்தாலும் அந்த வளையத்துக்குள் பிறகு சேர்க்க முடியாது.

மூன்றாவது வழி இணைப்பில். மெல்லிய குரோஷா ஊசி, அரை மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும். அதில் மணியை ஏற்றி, பிகோவைப் பிடித்து மணித் துளை வழியாக இழுத்து, அந்தக் காதுக்குள் நூலை விட்டு இணைத்தால் மணி இணைப்பின்மேலேயே உட்கார்ந்துவிடும். முன்கூட்டிக் கோர்க்கத் தேவையில்லை. ஆனால் பிகோ போதிய நீளம் இருந்தால்தான் மணிக்கு அப்பால் தலை நீட்டும். அந்தப் பிகோவை எப்போது போட்டீர்கள்? முந்தைய சுற்றில். அப்போதே நீளம் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்கு எங்கே வருகிறது என்று ஒரு தொங்கட்டானை வைத்துச் சொல்கிறேன். நடுவில் ஒரு வளையம். அதில் ஆறு பிகோ, இரு பிகோக்களுக்கு நடுவே மும்மூன்று முடிச்சு, ஆக 18 இரட்டை முடிச்சு. அதை மூடி முடித்ததும் வெளிச்சுற்றாக ஆறு சங்கிலி. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று முடிச்சு, ஒரு மணிப் பிகோ, மூன்று முடிச்சு, ஒரு மணிப் பிகோ என்று போய் மொத்தம் 12 முடிச்சும் மூன்று மணியும். ஒவ்வொரு சங்கிலியின் முடிவிலும் நடு வளையத்தின் பிகோவில், மேலே சொன்னபடி ஊசியால் ஒரு மணி ஏற்றி இணைப்பு. அப்படியென்றால் நூல்கண்டின் நூலில் 18 மணி, இணைப்புகளுக்கு ஆறு மணி, ஒரு காதுக்கு 24. நடு வளையத்தின் ஆறு பிகோக்களும் மணியைத் தாண்டும் நீளத்தில் இருக்க வேண்டும். அங்கே அழகுக்காகச் சிறிய பிகோ போட்டுவிட்டால் வெளிச்சுற்று நடக்காது.

மணிகள் ஒரே நிறமென்றால் இத்தோடு கணக்கு முடிந்தது. மூன்று மணியும் மூன்று நிறமாக, ஒரு குறிப்பிட்ட வரிசையில் வர வேண்டும் என்றால் கோர்க்கும் வரிசையை யோசிக்க வேண்டும். நூல்கண்டின் நுனியில் மணியைக் கோர்த்துக் கண்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போகிறோம். பின்னத் தொடங்குவதும் அதே நுனியிலிருந்துதான். ஆகவே கடைசியாகக் கோர்த்த மணி முதலில் வரும். வடிவத்தைத் தலைகீழாகப் படித்துக் கோர்க்க வேண்டும். ஷட்டிலில் இது நேர்மாறு. அதே நுனியை ஷட்டிலின் நடுக்கம்பத்தில் கட்டி, மணியோடு நூலைச் சுற்றிவிட்டுக் கண்டுப் பக்கம் வெட்டுகிறோம். வெட்டிய முனைதான் வேலைக்கு வருவது. அதற்குப் பக்கத்தில் இருப்பது முதலில் கோர்த்த மணி. ஆகவே ஷட்டிலில் முதலில் கோர்த்ததே முதலில் வரும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து கோர்த்தால், எவ்வளவு நிறம் வேண்டுமானாலும் துணிந்து கலக்கலாம்.

ஷட்டிலில் நிறைய மணி ஏற்றும்போது இன்னொரு சங்கடம். ஷட்டில் என்பது நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு தகடுகள். மணி நடுவே சிக்கினால் தகடு அகன்று நிற்கும், நூல் தானாக அவிழும். ஆகவே முதலில் கொஞ்சம் வெறும் நூல், பிறகு சில மணி, மறுபடி வெறும் நூல் என்று பரப்பிச் சுற்றுவது நல்லது. மணி அதிகமான வேலைக்கு உள்ளே கழற்றக்கூடிய உருளை வைத்த ஷட்டில் வசதி. ஊசியால் டாட்டிங் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முடிச்சு முதலில் ஊசியின்மேல் விழுந்து பிறகு நூலுக்கு நகர்வதால், ஊசியின் தடிப்பளவுக்குச் சற்றுத் தளர்வாகவே அமையும். நகைக்கு ஷட்டில் முடிச்சின் இறுக்கமே எனக்குப் பிடிக்கும். தானாகவே விறைப்பாக நிற்கும் லேஸுக்குக் கஞ்சியோ பசையோ போட வேண்டியதில்லை.

மணியைத் தேர்வது பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பாசிமணிக்கு எண் உண்டு. எண் கூடக்கூட மணி சிறிதாகும். 11/0 என்பது சுமார் இரண்டு மில்லிமீட்டர், 15/0 ஒன்றரை, 8/0 சுமார் மூன்று. 20, 40 எண் பருத்தி நூலுக்கு 11/0 பொருந்தும். 80 எண் சன்ன நூலென்றால் 15/0. செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் ஊர் கண்ணாடி மணிக்குப் பேர்போனது. ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்திலிருந்து வரும் மியுக்கி, டோஹோ மணிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கும். டாட்டிங்கில் அளவு ஒற்றுமை மிக முக்கியம். ஒரு மணி தடித்துவிட்டால் அதன் பிகோ மட்டும் துருத்திக்கொண்டு அந்த வளைவு கோணலாகும். மலிவு மணியை வாங்கினால் ஒரு தட்டில் கொட்டி, விளிம்பு உடைந்தது, துளை அடைத்தது, தடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டே கோர்க்கத் தொடங்குங்கள். பொன் பூச்சு, உலோகப் பூச்சு மணி சிலது வியர்வையில் நிறம் விடும். ஈரத் துணியில் தேய்த்து ஓரிரு நாள் பார்த்துவிட்டு வாங்குங்கள். பருத்தி நூல் என்றால் மெர்சரைஸ் செய்தது வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் மெர்சர் காரத்தில் நூலை ஊற வைத்து வலுவூட்டிய முறை அது. பிற்பாடு நூலை இழுத்துப் பிடித்தபடி ஊற வைத்ததில் பளபளப்பும் கூடியது. முறுக்கு இறுகிய, வழவழப்பான நூலில்தான் முடிச்சு தாவும். பஞ்சு பிரியும் நூலில் நடு நூல் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும்.

எவ்வளவு மணி வைக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். நான் குறைத்தே வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு பிகோவிலும் மணியை அடைத்தால் லேஸ் மறைந்து வெறும் மணிக் கொத்தாகிவிடும். அதை வாங்க மணி மாலைக் கடைக்குப் போனாலே போதும். முடிச்சின் சுருக்கமும், வளையத்துக்குள் தெரியும் வெற்றிடமும், பிகோவின் வழியாக வெளிச்சம் நுழைவதும்தான் இந்த நகையின் உடம்பு. மணி அதற்கு ஒரு புள்ளி வைக்கட்டும்.

தவறு நேர்ந்தால் பிரிக்க முடியுமா என்றும் கேட்பீர்கள். முடியும், ஆனால் சுலபமில்லை. மூடிய வளையத்தைத் திறக்க, பிகோ இருக்கும் இடத்தில் இரு முடிச்சுகளை விலக்கி, நடுவே தெரியும் நடு நூலை ஊசி நுனியால் பிடித்துப் பொறுமையாக இழுக்க வேண்டும். இறுகி மூடிய வளையத்தில் அதுவும் நடக்காமல் போகும். அப்போது வெட்டத்தான் வேண்டும். அதிகப்படியாக ஒரு மணி ஏறிவிட்டால் அதன் துளைக்குள் தடித்த ஊசியை நுழைத்து அழுத்தினால் கண்ணாடி வெளிப்பக்கம் உடைந்து விழும், நூல் பிழைக்கும். கண்ணில் கண்ணாடி தெறிக்காமல் துணியால் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். இடுக்கியால் நசுக்கினால் துண்டு உள்ளே குத்தி நூலையே அறுத்துவிடும்.

வேலை முடிந்தபின் நூல் முனைகளை ஒளிப்பது தனி வேலை. பசையை ஒரு சொட்டு வைத்து வெட்டிவிடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. அப்படிச் செய்த காதணி சில மாதத்தில் முனை பிரிந்து நிற்பதைக் கடைகளில் பார்க்கலாம். முனையை முடிச்சுகளுக்குள் நான்கைந்து தையல் தூரம் ஊசியால் ஓட்டிவிடுங்கள். கொக்கியை மாட்டும் பிகோவை மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாகவும் சிறிதாகவும் போட்டால் உலோக வளையம் நூலைத் தேய்க்காது.

இத்தனையும் சேர்த்து, நகைக்கு விலை சொல்லும்போது நம் பெண்கள் தயங்குவதைப் பார்க்கிறேன். நூலுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, கொக்கிக்கு இவ்வளவு என்று கூட்டி, மேலே ஏதோ சிறு தொகை வைத்து நிறுத்திவிடுகிறார்கள். எண்ணிக் கோர்த்த நேரம், தாளில் வரைந்த நேரம், சரியாக வராமல் வெட்டிப் போட்ட மாதிரிகள் எதுவும் அந்தக் கூட்டலில் இல்லை. வாங்குகிறவர் ‘வெறும் நூல்தானே’ என்றால், நூல்கண்டையும் ஷட்டிலையும் அவர் கையில் கொடுத்து ஒரு வளையம் மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கோபமாக அல்ல, உண்மையான ஆர்வத்தோடு சொல்லுங்கள். பலர் அதன்பிறகு பேரம் பேசுவதில்லை. சிலர் கற்றுக்கொள்ளவே உட்கார்ந்துவிடுவார்கள்.

அணிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வியர்வையோடு டப்பாவில் போட்டு மூடாதீர்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டின்மேல் வடிவம் கலையாமல் பரப்பி, நிழலில் காய வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.

அந்த மேசையில் ஷட்டில்களும், 20 எண் நூலும், 11/0 மணி மூன்று நிறத்திலும் வைத்திருக்கிறேன். தொங்கட்டானின் நடு வளையத்தைத் தடித்த நூலில் பெரிதாகப் பின்னியும் வைத்திருக்கிறேன், முடிச்சு எப்படித் தாவுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வாருங்கள், முதலில் 18 மணி எண்ணிக் கோர்ப்போம்.